உப்புக் காற்றில் பெயரும் தளம்: ஒட்டுவதா, தளத்தை மாற்றுவதா, இடித்துக் கட்டுவதா?

இராமநாதபுரம் கடற்கரையில் 1980-களிலும் 1990-களிலும் கட்டிய கான்கிரீட் வீடுகள் பலவற்றுக்கு இப்போது ஒரே நோய்தான். மேல்தளத்தின் அடிப்பக்கத்தில் முதலில் அரையடிக்கு ஒன்றாகப் பழுப்புக் கோடுகள் தெரியும். அடுத்த மழைக்காலத்துக்குள் அந்தக் கோடுகளை ஒட்டிப் பூச்சு உப்பும். பிறகு ஒரு நாள் உள்ளங்கையகலக் காரை பெயர்ந்து விழுந்து, செதில் செதிலாக உரிந்த கம்பி வெளியே வந்து நிற்கும். தொண்டி, தேவிபட்டினம், பாம்பன், தங்கச்சிமடம், கீழக்கரை, ஏர்வாடி என எந்த ஊரிலிருந்து வாசகர்கள் கேட்டாலும் கேள்வி ஒன்றாகவே இருக்கிறது. பெயர்ந்த இடத்தை ஒட்டிச் சரிசெய்வதா, மேல்தளத்தை மட்டும் இறக்கிவிட்டுப் புதிதாகப் போடுவதா, வீட்டையே இடித்துக் கட்டுவதா?

ஜல்லியும் எம்-சாண்டும் வெளி மாவட்டங்களிலிருந்து லாரியில் வர வேண்டிய பகுதி இது. இராமேசுவரம் தீவில் என்றால் பாம்பன் பாலத்தையும் கடந்து வர வேண்டும்; கொத்தனாரையும் சித்தாளையும் விடுதிக் கட்டுமானங்கள் இழுத்துக்கொள்கின்றன; வாடகையும் யாத்திரைத் தலத்து வாடகையாகவே இருக்கிறது. ஆகவே தவறான தேர்வுக்கு இங்கே கொடுக்கும் விலை அதிகம். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விழுந்த காரையின் அளவைப் பார்த்து யாரும் முடிவெடுக்க வேண்டாம். உப்பு எதுவரை போயிருக்கிறது என்பதைச் சோதித்துவிட்டு எடுங்கள். அப்படிச் சோதித்தால், பலரும் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளாத நடு வழியான தளமாற்றம்தான் எதிர்பார்ப்பதைவிட அதிகமான வீடுகளுக்குப் பொருந்தும் என்று நம்புகிறேன்.

## காரை ஏன் பெயர்கிறது

நல்ல கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி எளிதில் துருப்பிடிக்காது. சிமெண்டின் காரத்தன்மை அதைக் காக்கிறது. கடல் உப்பிலுள்ள குளோரைடு கம்பியை எட்டியதும் அந்தக் காப்பு உடைகிறது. இரும்பு துருவானால் அதன் பருமன் இரண்டு முதல் ஆறு மடங்கு வரை கூடும். அந்த வீக்கம்தான் காரையைக் கீழே தள்ளுகிறது. உப்பு இரண்டு வழிகளில் வருகிறது: காற்றில் மிதந்து வெளியிலிருந்து ஊறுவது ஒன்று, கட்டும்போதே கிணற்று உவர்நீரிலும் கடற்கரை மணலிலும் கலந்து உள்ளே போனது மற்றொன்று. இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் பின்னால் வரும் தேர்வு முழுவதும் இதில்தான் நிற்கிறது. காற்றில் வந்த உப்பு மேற்பரப்பிலிருந்து படிப்படியாகக் குறைந்துகொண்டே போகும். தண்ணீரிலும் மணலிலும் வந்த உப்போ தளம் முழுக்க, பீம் முழுக்க, தூண் முழுக்கச் சமமாகப் பரவியிருக்கும்.

கம்பிக்கு வெளியே இருக்கும் காரையின் கனத்தைக் கொத்தனார்கள் ‘கவர்’ என்பார்கள். இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456-இன் 1978-ஆம் ஆண்டுப் பதிப்பு, தளத்துக்குக் குறைந்தபட்சம் 15 மில்லிமீட்டர் கவர் போதும் என்றது. 2000-ஆம் ஆண்டுப் பதிப்பு, கடலோரச் சூழலைக் ‘கடுமை’ வகையில் சேர்த்து, 45 மில்லிமீட்டர் கவரும் எம்-30 தரக் கான்கிரீட்டும் கேட்கிறது. கடல் நீர்த்துளி நேரடியாகப் படும் இடமென்றால் 50 மில்லிமீட்டரும் எம்-35-உம் வேண்டும். முப்பது ஆண்டுக்கு முந்தைய வீடுகளில் அந்த 15 மில்லிமீட்டர்கூட முழுதாகக் கிடைப்பதில்லை. கவர் பிளாக்குக்குப் பதிலாகச் சல்லித் துண்டை முட்டுக்கொடுத்து, அதுவும் நழுவி, கம்பி பலகையிலேயே படுத்த நிலையில் கான்கிரீட் கொட்டியிருப்பதைப் பெயர்ந்த இடங்களில் கண்ணாலேயே காணலாம்.

## முடிவுக்கு முன் வைக்க வேண்டிய அளவுகோல்கள்

முதல் அளவுகோல் கட்டடத்தின் உண்மையான நிலை. சிறு சுத்தியலால் தளத்தின் அடிப்பக்கம் முழுவதையும் தட்டி, வெற்றொலி வரும் இடங்களைச் சாக்கட்டியால் வட்டமிட்டாலே பாதிச் சித்திரம் கிடைத்துவிடும். அதோடு நிறுத்தாமல், தளம், பீம், தூண் மூன்றிலும் வெவ்வேறு ஆழத்தில் துளையிட்டுத் தூளெடுத்துக் குளோரைடு அளவைச் சோதிக்கச் செய்யுங்கள். கம்பியின் மின்னழுத்தத்தை அளக்கும் ‘ஹாஃப் செல்’ சோதனையில் மைனஸ் 350 மில்லிவோல்ட்டுக்கும் கீழே இறங்கினால், வெளியே ஒன்றும் தெரியாவிட்டாலும் உள்ளே அரிப்பு நடப்பதற்கு 90 விழுக்காட்டுக்கு மேல் வாய்ப்புண்டு என்று கொள்வது வழக்கம். பொறியியல் கல்லூரிகளின் சிவில் துறைகள் கட்டணத்துக்கு இத்தகைய சோதனைகளைச் செய்து தருகின்றன. இந்தச் செலவைத் தவிர்ப்பவர்கள்தான் பிறகு அதைப்போலப் பல மடங்கை இழக்கிறார்கள்.

இரண்டாவது, அந்த வீடு இன்னும் எத்தனை ஆண்டுகளுக்கு, யாருக்குத் தேவை என்பது. பெற்றோர் மட்டும் இருக்கும் வீடு, பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்து தங்கப்போகும் வீடு, வாடகைக்கு விடும் வீடு ஆகியவற்றுக்கு ஒரே விடை இருக்க முடியாது. மூன்றாவது, கையிருப்பும் கடனும். நான்காவது, கட்டுமானத்துக்குத் தனி விதிகள் உள்ள கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் வீடு வருகிறதா என்பதும், வீட்டுக்கான அனுமதிப் பத்திரம் கையில் இருக்கிறதா என்பதும். ஐந்தாவது, வேலை நடக்கும் காலத்தில் எங்கே தங்குவது என்பது.

## முதல் வழி: பெயர்ந்த இடத்தை ஒட்டுதல்

செலவு குறைவு, வீட்டைக் காலி செய்ய வேண்டியதில்லை, அனுமதி எதுவும் கேட்க வேண்டிய நிலை பெரும்பாலும் வராது. இதனால்தான் எல்லோரும் முதலில் இதைத் தேர்கிறார்கள். முறையாகச் செய்தால் மதிப்புள்ள வேலைதான். ஆனால் ‘முறையாக’ என்பதற்குள் நிறைய அடங்கியிருக்கிறது. கம்பியின் பின்பக்கம் விரல் நுழையும் அளவுக்குக் காரையைக் கொத்தி எடுக்க வேண்டும். துரு இல்லாத நல்ல கம்பி தென்படும்வரை இருபுறமும் கொத்திக்கொண்டே போக வேண்டும். கம்பியைத் தேய்த்து வெள்ளையாக்கி, காப்புப் பூச்சு கொடுத்து, பாலிமர் கலந்த சாந்தை அடுக்கடுக்காகப் பூச வேண்டும். கம்பியின் தேய்மானத்தையும் அளக்க வேண்டும். 8 மில்லிமீட்டர் கம்பி தேய்ந்து 7 மில்லிமீட்டர் ஆகியிருந்தால் பார்வைக்குச் சிறு குறைதான். ஆனால் பாரம் தாங்கும் குறுக்குப் பரப்பில் ஏறத்தாழ 23 விழுக்காடு போய்விட்டது என்று பொருள். அந்த இடத்தில் புதுக் கம்பி சேர்க்காமல் பூசுவது வெறும் அலங்காரம்.

இந்த வழியின் மறைந்த செலவு மின்வேதியியலில் இருக்கிறது. துருப்பிடிக்கும் ஓர் இடம் தன்னை இழந்து, பக்கத்திலுள்ள கம்பியைக் காத்துக்கொண்டிருக்கும். அந்த இடத்தைச் சுத்தம் செய்து உப்பில்லாத சாந்தால் மூடியதும், காவல் நின்ற இடம் இல்லாமற் போய், உப்பு ஊறிய பக்கத்துக் கான்கிரீட்டில் புதிய அரிப்பு தொடங்குகிறது. ‘போன தடவை இங்கே பூசினோம், இப்போது அதைச் சுற்றி விழுகிறது’ என்று வீட்டுக்காரர்கள் சொல்வதற்குக் காரணம் பல நேரங்களில் கொத்தனாரின் கைக்குறையன்று, இதுதான். ஒட்டின் ஓரங்களில் கம்பியோடு கட்டும் சிறு துத்தநாகக் கட்டிகள் இப்போது கிடைக்கின்றன. அவை தாம் கரைந்து கம்பியைக் காக்கும். விலை கூடும் என்றாலும், உப்பு ஊறிய தளத்தில் அவற்றைச் சேர்க்காமல் ஒட்டு வேலை பார்ப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

காற்று உப்பு மட்டும் ஊறி, தட்டிப் பார்த்ததில் வெற்றொலி தளத்தின் பத்தில் ஒரு பங்குக்குள் அடங்கி, தூணும் பீமும் சுத்தமாக இருந்தால் இந்த வழியே சரி. ஐந்தாறு ஆண்டுகளில் வீட்டை எப்படியும் மாற்றப்போகிறவர்களுக்கும், வீட்டுப் பங்கு இன்னும் பிரியாத குடும்பங்களுக்கும் இதுவே பொருந்தும். பெயர்ந்த தளத்தை ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங்கால் மறைத்துவிடலாம் என்ற யோசனையை மட்டும் எவரும் ஏற்க வேண்டாம். விழப்போகும் காரையை அது கண்ணிலிருந்து மறைக்கும்; தலையிலிருந்து மறைக்காது.

## இரண்டாம் வழி: மேல்தளத்தை மட்டும் மாற்றுதல்

ஒற்றை மாடி வீட்டில், சுவர் செங்கல்லாகவோ கருங்கல்லாகவோ இருந்து, கடைக்காலும் உறுதியாக இருக்கும்போது, நோய் பெரும்பாலும் தளத்திலும் லிண்டலிலும் சன்ஷேடிலும் மட்டும்தான் இருக்கும். வீட்டின் மதிப்பில் பெரும்பகுதி சுவரிலும் அடித்தளத்திலும் தரையிலும் கதவு சன்னலிலும் இருக்கிறது. அவற்றையெல்லாம் வைத்துக்கொண்டு நோயுள்ள உறுப்பை மட்டும் நீக்குவதுதான் இந்த வழி.

அளவு எப்படி வரும் என்பதற்கு 600 சதுர அடி, அதாவது ஆறு சதுரத் தளத்தை எடுத்துக்கொள்வோம். ஐந்து அங்குலக் கனம் என்றால் அதில் ஏறத்தாழ 7 கனமீட்டர் கான்கிரீட் இருக்கிறது. இறக்கும்போது 17 டன்னுக்கு மேல் இடிபாடு சேரும். கீழக்கரையின் சந்துகளில் லாரி நுழையாத வீடென்றால், அவ்வளவையும் தலைச்சுமையாகத் தெருமுனைவரை கொண்டுபோக வேண்டும். புதுப் பொருளையும் அப்படியே கொண்டுவர வேண்டும். ஒப்பந்தத்தில் ‘இடிபாடு அகற்றுதல்’ என்ற வரி தனியாக இல்லையென்றால் பாதி வேலையில் சண்டை நிச்சயம். தளத்துக்குள் ஓடிய மின்குழாய், மின்விசிறிக் கொக்கி, மேலே பதித்த தட்டோடு, மாடித் தண்ணீர்த் தொட்டி, படிக்கட்டின் மேல்முனை ஆகிய எல்லாம் போய்விடும். இறக்கும் அதிர்வில் சுவரின் மேல்வரிச் செங்கல் அசையும். சுவர்களின் தலையில் சுற்றிலும் ஒரு கான்கிரீட் பட்டையைப் போட்டு அதன்மேல் தளத்தை இருத்துவது நல்லது. மூன்று மாத வாடகையும் இருமுறை சாமான் ஏற்றி இறக்கும் கூலியும் இதில் சேரும்.

புதுத் தளத்தின் ஆயுள் தண்ணீரைப் பொறுத்தது. கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான தண்ணீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு இருக்கக் கூடாது என்பது விதி. கடல் நீரிலோ அது 19,000 அளவில் இருக்கிறது. உவரேறிய வீட்டுக் கிணற்று நீரை எவ்வளவு இலவசமாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள். எம்-30 கலவைக்கு 1,300 லிட்டர் வரையும், தளத்தில் பாத்தி கட்டி இரண்டு அங்குலம் நிறுத்த 2,800 லிட்டரும், ஆவியாவதை நாள்தோறும் ஈடுகட்டுவதும் சேர்ந்தால், பதினான்கு நாளுக்கு மொத்தம் 8,000 லிட்டரைத் தாண்டும். அவ்வளவும் நல்ல தண்ணீராக லாரியில் வர வேண்டும். பட்ஜெட்டில் இதற்கு இடம் வைக்காதவர்கள், நான்காம் நாளே சாக்கை நனைத்துப் போட்டுவிட்டுத் திருப்திப்பட்டுக்கொள்கிறார்கள். ஃப்ளை ஆஷ் கலந்த பி.பி.சி. சிமெண்டும் இரும்பு உலைக் கசடு கலந்த ஸ்லாக் சிமெண்டும் உப்பு ஊறுவதைத் தாமதப்படுத்துவதில் சாதாரண சிமெண்டைவிட மேலானவை. ஆனால் அவை கேட்கும் தண்ணீர் நாட்களும் அதிகம். காரைக்குடியில் இருக்கும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் கம்பிக்கெனச் சிமெண்ட்-பாலிமர் காப்புப் பூச்சு ஒன்றை உருவாக்கியிருக்கிறது. எந்தப் பூச்சைப் பூசினாலும் கம்பியை வளைத்த இடத்தில் உரிந்திருந்தால் அங்கே திரும்பப் பூச வேண்டும்.

தளத்துக்குப் பதில் தகரக் கூரை போடலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். விரைவாக முடியும், ஆனால் ஆணியும் திருகும் முதலில் துருப்பிடிக்கும், புயலுக்கும் அது நம்பகமானதன்று. சமையலறைக்கோ பின்கட்டுக்கோ போதும்.

மேலே இன்னொரு மாடி இருந்தாலோ, தூண் எடுத்துக் கட்டிய வீட்டில் தூணிலும் உப்பு இருந்தாலோ, இந்த வழி பொருந்தாது.

## மூன்றாம் வழி: இடித்துப் புதிதாகக் கட்டுதல்

தூண்களில் நெடுக்காக விரிசல் ஓடி, கட்டும்போதே உவர்நீர் கலந்தது என்று சோதனை சொன்னால் வேறு வழியில்லை. தரைமட்டம் தெருவைவிடத் தாழ்ந்து, ஐப்பசி, கார்த்திகை மழையில் வீட்டுக்குள் தண்ணீர் நிற்கும் இடங்களிலும் புதுக் கட்டுமானமே பயன் தரும். பீடத்தை உயர்த்துவதைப் பழைய வீட்டில் செய்ய முடியாது. செலவு இப்போது சதுர அடிக்கு 2,000 ரூபாயைத் தாண்டித்தான் பேச்சே தொடங்குகிறது. ‘கட்டுவதுதான் கட்டுகிறோம், மாடியும் எடுத்துவிடுவோமே’ என்ற ஒரு வாக்கியத்தில் பட்ஜெட் இரட்டிப்பாவதையும் கண்டிருக்கிறோம்.

இடிக்கும் முன் அனுமதிப் பத்திரத்தைப் பாருங்கள். கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை 2019-இன்படி, கிராமப் பகுதிகளில் மக்கள்தொகை அடர்த்திக்கு ஏற்ப உயர் அலைக் கோட்டிலிருந்து 50 மீட்டர் அல்லது 200 மீட்டர் வரை வளர்ச்சித் தடைப் பகுதி, அதாவது புதிதாகக் கட்டக் கூடாத பகுதி. அங்கே ஏற்கெனவே முறையான அனுமதியுடன் இருக்கும் கட்டடத்தைப் பழைய தளப்பரப்பையும் பீடப் பரப்பையும் மீறாமல் பழுதுபார்க்கவோ திரும்பக் கட்டவோ இடமுண்டு. அனுமதிப் பத்திரமே இல்லாத பழைய வீட்டை இடித்துவிட்டால் அந்த இடமும் இல்லை. மனை இருக்கும், வீடு இருக்காது. கடலுக்கு அருகில் பத்திரம் தெளிவாக இல்லாதவர்கள் முதல் இரண்டு வழிகளுக்குள்ளேயே நிற்பதுதான் பாதுகாப்பு.

இன்னொன்று: புது வீடு என்பதாலேயே உப்பு விலகிப் போகாது. 1914-இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தில் அரிப்பின் காரணமாக 2022 டிசம்பரில் போக்குவரத்தை நிறுத்தினார்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் துருப்பிடிக்காத கம்பியும் பாலிசிலாக்ஸேன் பூச்சும் பயன்படுத்தியிருக்கிறார்கள். வீட்டுக்கு அவ்வளவு தேவையில்லை; ஆனால் பழைய கவர், பழைய தண்ணீர், பழைய கலவையிலேயே புது வீடு கட்டினால் இருபது ஆண்டில் இதே கேள்வியோடு உங்கள் பிள்ளைகள் நிற்பார்கள்.

## பவளக்கல் சுவர் வீடுகள்

இராமேசுவரம் தீவிலும் எதிர்க்கரையிலும் பவளக்கல்லைச் சுண்ணாம்புச் சாந்தில் அடுக்கிய பழைய சுவர்கள் இன்னும் நிற்கின்றன. இவற்றுக்கு மேற்சொன்ன கணக்கு பொருந்தாது. இந்தச் சுவர் மூச்சு விடும் சுவர். சிமெண்ட் பூச்சு போட்டால் ஈரமும் உப்பும் உள்ளே அடைபட்டுக் கல்லையே பொடியாக்கும். சுண்ணாம்புப் பூச்சுதான் போட வேண்டும். அதன்மேல் கனமான கான்கிரீட் தளத்தை ஏற்றக் கூடாது. மர உத்திரமும் ஓடும் போதும். இடித்தால் அந்தக் கல் திரும்பக் கிடைக்காது. பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. மன்னார் வளைகுடாவிலிருந்து ஒரு காலத்தில் வெட்டி எடுத்த அந்தக் கல், சுவராகவே இன்னும் ஒரு தலைமுறை நிற்கட்டும் என்பது என் ஆசை.

## மூன்றையும் பக்கத்தில் வைத்தால்

| அளவுகோல் | ஒட்டுதல் | தளம் மாற்றுதல் | இடித்துக் கட்டுதல் |
|---|---|---|---|
| எப்போது சரி | உப்பு மேலோட்டம், தூண், பீம் நலம் | சுவர், கடைக்கால் நலம், தளம் முழுக்கக் கேடு | தூணிலும் உப்பு, அல்லது பீடம் தாழ்வு |
| தங்குமிடம் | வீட்டிலேயே, அறை அறையாக | வெளியே, சுமார் 3 மாதம் | வெளியே, ஓராண்டு வரை |
| மறைந்த செலவு | சுற்றிலும் புது அரிப்பு, திரும்பத் திரும்ப வேலை | இடிபாடு, மின்வேலை, தண்ணீர் லாரி | அனுமதி, நலவாரியத் தீர்வை, வாடகை, மாடி ஆசை |
| எதிர்பாராச் செலவுக்கு ஒதுக்கீடு | மதிப்பீட்டில் 30% | 20% | 10% |

கடைசி வரி தலைகீழாகத் தெரியலாம். ஒட்டு வேலையில்தான் கொத்தத் தொடங்கிய பிறகு கேடு எவ்வளவு என்பது தெரியவரும். அதனால் மொத்தத் தொகையாகப் பேசாமல், கொத்தி முடித்ததும் பரப்பை அளந்து சதுர அடிக்குக் கொடுப்பதாக எழுதிக்கொள்ளுங்கள்.

கணக்கு புரிவதற்காக மட்டும் ஓர் எடுத்துக்காட்டு: அதே 600 சதுர அடி வீட்டில் ஒட்டு வேலைக்கு 2 லட்சம் கேட்டு அது 6 ஆண்டு நின்றால், ஆண்டுக்கு 33,000 ரூபாய். தளமாற்றத்துக்கு 6 லட்சம் ஆகி 30 ஆண்டு நின்றால், ஆண்டுக்கு 20,000. உங்களுக்குக் கிடைத்த மதிப்பீடுகளை இதே முறையில் வகுத்துப் பாருங்கள்.

## கடனும் வரியும்

வருமான வரியின் பழைய முறையில் இருப்பவர்களுக்கு, சொந்தக் குடியிருப்பைப் பழுதுபார்க்க வாங்கிய கடனின் வட்டியில் ஆண்டுக்கு 30,000 ரூபாய் வரைதான் கழிவு. புதிதாகக் கட்டி ஐந்து ஆண்டுக்குள் முடித்தால் 2 லட்சம் வரை உண்டு. கட்டுமானச் செலவு அரசு வைத்திருக்கும் வரம்பைத் தாண்டினால் தொழிலாளர் நலவாரியத்துக்கு ஒரு விழுக்காடு தீர்வை கட்ட வேண்டும். புது வீட்டுக்குச் சொத்து வரியும் புதிதாக மதிப்பிடுவார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சிமெண்டின் ஜி.எஸ்.டி. 28-இலிருந்து 18 விழுக்காடாகக் குறைந்திருக்கிறது. அதற்கு முன் வாங்கிய மதிப்பீட்டை வைத்திருப்பவர்கள் புதிதாகக் கேட்டு வாங்குங்கள்.

## எந்த மாதத்தில்

வாடைக் காலமான ஐப்பசி முதல் மார்கழி வரை தளத்தைத் திறந்துபோடக் கூடாது. ஆனி, ஆடியில் கச்சான் காற்று ஓங்கி வீசும்போது புதுக் கான்கிரீட்டின் மேல்முகம் சில மணி நேரத்தில் வறண்டு, மயிரிழை விரிசல் விடும். பிறகு உப்புக்கு அதுவே வழியாகும். தையில் தளத்தை இறக்கி, மாசி, பங்குனிக்குள் கான்கிரீட் போட்டுவிடுவது இக்கரைக்கு ஏற்ற வரிசை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் கையாட்கள் கிடைப்பது சற்று எளிது. பூச்சு வேலையை அப்போது வைத்துக்கொள்ளலாம். வளைகுடா நாட்டிலிருந்து இரண்டு மாத விடுப்பில் வருபவர்கள், சோதனையையும் பத்திரச் சரிபார்ப்பையும் ஊரிலிருப்பவர்கள் வழியாக முன்னமே முடித்துவிட்டு, தாங்கள் இருக்கும் நாட்களைக் கம்பி கட்டுவதற்கும் கான்கிரீட் போடுவதற்கும் பதினான்கு நாள் தண்ணீர் கட்டுவதற்கும் ஒதுக்குங்கள். பலகை மேல் கவர் பிளாக் வைத்திருக்கிறார்களா என்று குனிந்து பார்க்க வேண்டியது வீட்டுக்காரர்தான், வண்ணம் பூசுவது நீங்கள் விமானம் ஏறிய பிறகும் நடக்கும்.